பெருநாள் மருதாணி நம் வாசலிலேயே



பெருநாளுக்கு முந்திய இரவு நம் வீடுகளில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்பு கொல்லையில் பறித்த இலையை அம்மியில் அரைத்து வைத்தோம். இப்போது பெரும்பாலும் கடைக் கோன்தான். கோன் எல்லாமே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று சொல்லி விற்பதில் எச்சரிக்கை தேவை.

மருதாணி இலையில் கறுப்பு நிறம் கிடையாது. முதலில் ஆரஞ்சு நிறமாகப் பிடித்து, ஓரிரு நாளில் கருஞ்சிவப்பாக மாறும். கறுப்புக்காகப் பல நேரங்களில் சேர்க்கப்படுவது தலைச்சாயத்தில் உள்ள பிபிடி என்னும் ரசாயனம். இதனால் சிலருக்கு, கோலம் போட்ட இடமெல்லாம் கொப்புளமாகிவிடும். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நீடிக்கும். பல ஆண்டுகள் கழித்துத் தலைச்சாயம் பூசினாலும் முகம் வீங்கலாம்.

இதற்கு எளிய மாற்று, வீட்டுக்கு ஒரு மருதாணிச் செடி. இதைவிடக் குறைந்த கவனிப்பில் வளரும் பூச்செடிகள் சிலவே.

எங்கே நடுவது?

இந்தியாவில் மருதாணிக்குப் பேர்போன ஊர் ராஜஸ்தானின் சோஜத். அவ்வூர் மருதாணிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வறண்ட பூமியில், மழையை மட்டும் நம்பி அங்கே வயல் வயலாக வளர்க்கிறார்கள். நம் சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. அங்கே அதில் பாதிகூட இல்லை. ஆகவே நம் பகுதியில் மருதாணி தண்ணீர் இல்லாமல் சாவதைவிட, தண்ணீர் தேங்கிச் சாவதே அதிகம்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் ஏரிகளை ஒட்டிய தாழ்வான தெருக்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நாள்கணக்கில் தண்ணீர் நிற்பதை நாம் அறிவோம். அங்கே தரையில் குழி தோண்டி நடாதீர்கள். செம்மண் கொட்டி ஓரடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன்மேல் நடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழ வேண்டும். முற்றிய கிளைகளின் நுனி முள்போலக் கூராகிவிடும் என்பதால், பிள்ளைகள் ஓடியாடும் வழியில் வேண்டாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் மாடியில் ஒன்றரை அடித் தொட்டியில் வளர்க்கலாம். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய சாணம் போதும். தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். கீழே தட்டு வைத்தால் அதில் நீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசு அங்கேதான் முட்டையிடும்.

எப்படி நடுவது?

தெரிந்தவர் வீட்டுச் செடியில் பென்சில் பருமனுள்ள முற்றிய குச்சியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி வாருங்கள். கீழ்ப்பாதி இலைகளை உருவிவிட்டு, பாதிக் குச்சி மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். நாலைந்து குச்சி வைத்தால் இரண்டாவது துளிர்க்கும். ஆனி, ஆடியில் நட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும்.

பராமரிப்பு

வேர் பிடிக்கும்வரை மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு தரைச் செடிக்குக் கோடையில் வாரம் இருமுறை தண்ணீர் போதும். தொட்டிச் செடிக்கு மேல்மண் காய்ந்ததும் ஊற்றுங்கள். புழு வந்தால் கையால் பொறுக்குங்கள், அல்லது வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள். பூச்சிமருந்து அடிக்கக் கூடாது. அந்த இலை நம் பிள்ளைகளின் கைக்கு வரப்போகிறது.

ஓராண்டு ஆனதும் இலை பறிக்கலாம். கிளையின் மேல்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுத்தால் செடி இன்னும் அடர்ந்து தழைக்கும். கிளை நுனியில்தான் பூ வரும் என்பதால் நாலைந்து கிளைகளை வெட்டாமல் விடுங்கள். வெளிர்நிறச் சிறு பூக்கள் கொத்தாகப் பூத்து வாசல் முழுவதும் மணக்கும். கன்னோஜில் இந்தப் பூவிலிருந்து அத்தரும் வடிக்கிறார்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இலை தூயதாக இருந்தாலும் கைக்குழந்தைகளுக்கு மருதாணி வேண்டாம். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மருதாணியே இரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். மருதாணி வைத்த பிள்ளையின் உடல் வெளுத்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

செடி வளர்ந்தவர்கள் கிளை வெட்டும்போது குச்சிகளை எறிந்துவிடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். ஒரு செடி சில ஆண்டுகளில் ஒரு தெருவுக்கே போதுமானதாகும், இன்ஷா அல்லாஹ்.