ஆர்.ஓ. கட்டாயமா?

கேள்வி: வேளச்சேரியில் புது வீட்டுக்குக் குடிவந்திருக்கிறோம். போர் தண்ணீர்தான். எந்த ஆர்.ஓ. வாங்கலாம்?
- வாசகி, சென்னை

பதில்: முதலில் தண்ணீரை ஆய்வகத்தில் பரிசோதியுங்கள். கரைந்த உப்புகளின் அளவு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நல்லது என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனம். அதற்குள் இருந்து, ஃபுளூரைடு, நைட்ரேட் போன்றவையும் வரம்பு மீறாவிட்டால் ஆர்.ஓ. தேவையில்லை, கிருமிகளைக் கொல்ல யு.வி. கருவியோ கொதிக்கவைப்பதோ போதும். உப்பு மிக அதிகமென்றால் ஆர்.ஓ.தான் வாங்க வேண்டும்; யு.வி. உப்பைக் குறைக்காது. வாங்கும்போது, ஒரு லிட்டர் குடிநீருக்கு எவ்வளவு நீர் வீணாகிறது, மெம்பரேன் மாற்ற என்ன செலவு, பக்கத்தில் சர்வீஸ் உண்டா என்று கேளுங்கள். வெளியேறும் நீரைக் கொட்டிவிடாமல் வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். உப்பு மிகுந்த அந்த நீரைச் செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.