அணியும் அவையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் வட பகுதியில், கோவில்பட்டியைச் சூழ்ந்து பரந்து கிடப்பது கரிசற் காடு. கார்முகிலின் நிறம் மண்ணில் படிந்தாற்போல அந்நிலம் கறுத்திருக்கும். வேனிற் காலத்தில் அது பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் நடப்பவர் காலை விடாது பற்றிக்கொள்ளும். பேராறு எதுவும் பாய்ந்து வளஞ்செய்யாத அந்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையே உழவரின் உயிர். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் அம்மழையை நம்பி வளர்வன. மழை பொய்த்தால் களமும் குதிரும் வெறுமையாகும்.

இத்தகைய நாட்டிலே நகை என்பது அழகு செய்யும் பொருள் மட்டும் அன்று. அது குடும்பத்தின் சேமிப்பு. விளைந்த ஆண்டில் பருத்தி விற்ற பணம் பொன்னாக மாறும். விளையாத ஆண்டில் பொன் விதையாகவும் உணவாகவும் மாறும். ஆதலின், அங்குள்ளார் ஒரு நகையைக் கண்டவுடன், “இது எத்தனை பவுன்?” என்று வினவுவர். இவ்வினாவைக் கேட்டு நகைப்பவர் கரிசல் நிலத்தின் வறுமையை அறியாதவரே ஆவர்.

கரிசற் காட்டு மூதாட்டியர் அணிந்த நகைகளுள் தலைசிறந்தது பாம்படம். பாம்பின் படத்தை நினைவூட்டும் பெயருடைய இக்காதணியைத் தண்டட்டி முதலிய பிற அணிகளோடு சேர்த்து அணிவர். இதனை அணிவதற்கென்றே பெண்களின் காதை இளமை முதல் வளர்ப்பது வழக்கம். துளையிட்ட காதிலே பஞ்சைச் செருகிப் புண்ணை ஆற்றுவர். பின்னர்க் கனமான குணுக்குகளை மாட்டுவர். நாளடைவில் காதின் மடல் நீண்டு தோளைத் தொடும். வளர்ந்த காதில் பாம்படம் ஆடுவதே பெண்ணுக்கு அழகு என்று அந்நாட்டார் கருதினர்.

பாம்படத்தின் வடிவம் வியப்புக்கு உரியது. அதில் பூ இல்லை, கொடி இல்லை, மயிலும் அன்னமும் இல்லை. சதுரக் கட்டியும் உருண்டையும் முக்கோணமும் வளைந்த தகடும் ஒன்றோடொன்று இணைந்து நிற்கும். உள்ளே அரக்கு வைத்து, அதன்மேல் மெல்லிய பொன் தகட்டைப் போர்த்தி அதனைச் செய்வர். பொன்னைச் சுருக்கிப் பொலிவைப் பெருக்கிய தொழில்நுட்பம் அது. 1907ஆம் ஆண்டையொட்டி, ஐரோப்பிய ஓவியர் சிலர் உருவங்களைக் கனச் சதுரங்களாகவும் கோணங்களாகவும் பகுத்துத் தீட்டத் தொடங்கினர். உலகம் அதனைப் புதுமை என்று போற்றியது. அதற்கு முன்பே தென்பாண்டி நாட்டுப் பொற்கொல்லர் பட்டறைகளில் அத்தகைய வடிவங்கள் பிறந்திருந்தன. ஆனால் அவற்றைச் செய்த கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை.

அந்நாளில் பாம்படத்திற்குத் தனியே கண்காட்சி வேண்டியிருந்ததில்லை. அணிந்தவளின் காதே அதன் கண்காட்சி. அவள் சந்தைக்குச் சென்றாள், களை எடுத்தாள், கோயில் திருவிழாவில் தேர்வடம் பிடித்தாள். எங்கும் அவளோடு பாம்படமும் சென்றது. காண்பவர் அதன் எடையை மட்டும் அன்றி, அதன் ஆட்டத்தையும் ஒளியையும் கண்டனர். இன்ன ஊர் ஆசாரி செய்தது என்று பேசிக்கொண்டனர்.

காலம் மாறியது. நீண்ட காதைப் பழமையின் அடையாளமாக இளையோர் கருதினர். வளர்ந்த காதை மருத்துவரிடம் காட்டித் தைத்துக்கொண்டோர் பலர். பஞ்ச காலத்திலும் திருமண காலத்திலும் பாம்படங்கள் விற்கப்பட்டன. வாங்கியவர் அவற்றை உருக்கினர். பொன் வேறு நகையாயிற்று, வடிவமோ புகையாயிற்று. எஞ்சிய சில இந்நாட்டிலும் அயல்நாட்டிலும் உள்ள அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. அங்கு அவற்றைத் திருடர் தீண்டார், தூசியும் தீண்டாது. ஆயினும், அணிந்தவள் யார், செய்தவன் யார், எந்த ஆண்டின் விளைச்சலில் அது வாங்கப்பட்டது என்பவற்றைப் பேழை சொல்வதில்லை.

ஓர் அணியை அவையின்முன் வைக்கும்போது அதன் கதையையும் உடன் வைத்தல் வேண்டும் என்பதற்குத் தமிழில் பழைய சான்று ஒன்று உண்டு. சிலப்பதிகாரத்துக் கண்ணகி பாண்டியன் அவையில் ஒற்றைச் சிலம்போடு நின்றாள். புறத்தே நோக்கின் அவள் சிலம்பும் அரசியின் சிலம்பும் ஒத்திருந்தன. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள் கண்ணகி; அரசியின் சிலம்பின் பரலோ முத்து. சிலம்பு உடைந்தபோது மாணிக்கம் தெறித்தது, உண்மை வெளிப்பட்டது. உருவத்தை மட்டும் கண்டு, உள்ளிருப்பதையும் உரியவரையும் வினவாது தீர்ப்பளித்ததால் ஓர் உயிர் முன்பே போயிற்று. அணியை அறிதல் என்பது அதன் புறத்தை அறிதல் மட்டும் அன்று என்பதை அக்காப்பியம் காட்டுகின்றது.

பழைய அணியின் நிலை இதுவாயின், கலைப்பள்ளி மாணவர் புதிதாகப் படைக்கும் அணியின் நிலை இன்னும் அரிது. அதற்குப் பவுன் கணக்கும் இல்லை. பாட்டி வழிப் பழக்கமும் இல்லை. வெள்ளி, செம்பு, மரம், நூல், கண்ணாடி, காகிதம் ஆகிய எளிய பொருள்களால் அவர்கள் அணி செய்கின்றனர். கருத்தும் வடிவமுமே அவ்வணியின் விலை. அதனைப் பொதுமக்கள்முன் எவ்வாறு வைப்பது? உலகின் பல பகுதிகளில் கலை பயின்றோர் இவ்வினாவிற்குப் பலவாறு விடை கண்டுள்ளனர்.

நெதர்லாந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாம் நகரக் கலைப்பள்ளியில் பயின்ற கைஸ் பாக்கர், எம்மி வான் லேர்சம் என்னும் இருவர், அலுமினியத்தால் அகன்ற கழுத்தணிகளைச் செய்தனர். 1967ஆம் ஆண்டில் அந்நகரின் ஸ்டெடெலிக் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காட்டியபோது, பேழைக்குள் வைத்ததோடு அமையவில்லை. பெண்கள் அவற்றை அணிந்து அவையினர்முன் நடந்து வந்தனர். அணிக்கு உரிய இடம் உடல் என்பதை அவர்கள் மறவாது காட்டினர்.

ஜெர்மனி நாட்டில் மியூனிக் கலைக்கழகத்தில் பயின்ற ஓட்டோ கூன்ஸ்லி என்பவர் 1980ஆம் ஆண்டில் வளையல் ஒன்று செய்தார். அது கறுத்த ரப்பர்க் குழாயால் ஆனது. அதன் ஓரிடத்தில் சிறிது புடைத்திருக்கும். உள்ளே பொற்குண்டு ஒன்று மறைந்திருக்கின்றது. பொன் கண்ணைக் குருடாக்கும் என்னும் பொருளுடைய பெயரை அதற்கு அவர் இட்டார். பாம்படத்தில் பொன் வெளியே, அரக்கு உள்ளே. இவ்வளையலில் ரப்பர் வெளியே, பொன் உள்ளே. பொன்னைக் காணாமல் பொன்னின் மதிப்பை உணர இயலுமா என்று அவ்வளையல் காண்பவரை வினவுகின்றது. அணியை அறிவிற்கு ஒரு வினாவாக்கி அவையில் வைத்தல் அவர் கண்ட வழி.

தமிழ்நாட்டின் வரலாறும் இதற்குக் குறைந்தது அன்று. சென்னைக் கலைப்பள்ளியை 1850ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் நிறுவினார். இன்று அது அரசு கவின் கலைக் கல்லூரி என்று வழங்குகின்றது. 1898ஆம் ஆண்டில் அங்கே ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்னும் பொறியியல் பேராசிரியர் அலுமினியத்தைக் கொண்டு பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அந்நாளில் இந்நாட்டார்க்குப் புதிதாயிருந்த அவ்வுலோகம், கலைப்பள்ளிக் கைவினைஞரின் சம்மட்டியால் பயன்படு பொருளாயிற்று; பின்னர் வீடுதோறும் அடுப்பங்கரையை அடைந்தது. புதியதொரு பொருளை மக்கள் வெறுப்பதில்லை. அதன் பயன் விளங்கும்வரை காத்திருக்கின்றனர் என்பதே இதனால் அறியப்படும்.

1957ஆம் ஆண்டில் அப்பள்ளியின் முதல்வர் பொறுப்பை ஏற்றவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். கலை பயின்று வெளியேறும் இளைஞர் வேறு தொழில் தேடிக் கலையைக் கைவிடுவதைக் கண்டு அவர் வருந்தினார். ஓவியத்தையும் சிற்பத்தையும் வாங்குவோர் அன்று மிகச் சிலரே. ஆகவே, ஆசிரியரும் மாணவரும் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்தனர். மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து கண்காட்சிகளில் வைத்தனர். எளியோரும் வாங்கக்கூடிய விலையில் விற்றனர். வாங்கியவர் ஒரு துணியை மட்டும் வாங்கவில்லை. ஒரு கலைஞனின் கைவண்ணத்தை வீட்டிற்கு எடுத்துச் சென்றனர். அவ்வருவாயைக் கொண்டு சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கப்பட்டது. அங்கே 1966ஆம் ஆண்டில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றியது. கொடையாலன்றிக் கைத்தொழிலால் எழுந்தது அக்கிராமம். பொதுமக்கள் வாங்கத்தக்க விலையில் வைத்தல் பணிக்கரும் அவர் மாணவரும் கண்ட வழி.

இவ்வழிகளுக்கெல்லாம் முன்னோடியாகத் தக்கவர் ஒருவர் கோவில்பட்டியிலேயே வாழ்ந்தார். அவர் பெயர் கொண்டையராஜு. 1898 முதல் 1976 வரை வாழ்ந்த அவர் சென்னைக் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்றவர். நாடகக் குழுவிற்குத் திரைச்சீலை தீட்டிய அவர், 1940களில் கோவில்பட்டியில் நிலைத்தார். அண்மையிலுள்ள சிவகாசி அச்சகங்கள் அவர் தீட்டிய தெய்வப் படங்களை நாட்காட்டிகளில் அச்சிட்டன. அப்படங்களில் தேவியர் அணிந்த முடியும் மாலையும் ஒட்டியாணமும் கல் கல்லாகத் தெரியுமாறு தீட்டப்பட்டிருக்கும். பொன் வாங்க இயலாத குடிசையின் மண்சுவரிலும் அவ்வணிகள் ஒளிர்ந்தன. ஆண்டு முடிந்து நாள்தாள்கள் கிழிந்தபின்னும், மக்கள் அப்படங்களைச் சட்டமிட்டு மாட்டி வணங்கினர். மக்களைக் கலைக்கூடத்திற்கு அழைப்பதினும், மக்கள் நாள்தோறும் நோக்கும் இடத்திற்குக் கலையைக் கொண்டுசெல்வது சிறந்தது என்பது அவர் வாழ்வு காட்டும் வழி.

இந்நான்கு வழிகளையும் அறிந்த மாணவி ஒருத்தி, தான் செய்த அணிகளோடு கோவில்பட்டிக்கு வந்தாள் என்று கொள்வோம். செண்பகவல்லி அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தின் நடுவே ஒரு சிறு பந்தல் அமைக்கின்றாள். பாம்படத்தின் சதுரத்தையும் உருண்டையையும் உட்கொண்டு, வெள்ளித் தகட்டாலும் கரிசற் பருத்தி நூலாலும் அவள் செய்த காதணிகள் அங்குள்ளன. அவற்றைப் பூட்டிய பேழையில் வைக்காது, கை எட்டும் பலகையில் வைத்துள்ளாள். அருகே ஒரு கண்ணாடியும் உண்டு. முதலில் வரைந்த படமும், பிழைபட்டுக் கோணிய தகடும், தட்டிய சுத்தியலும் உடன் இருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் பொருள், செய்முறை, செய்தவர் பெயர் ஆகிய மூன்றும் தெளிந்த தமிழில் எழுதப்பட்டுள்ளன.

வடித்த காதுடைய மூதாட்டி ஒருத்தி அங்கே வந்து நிற்கின்றாள். அவள் காதில் அணி ஏதும் இல்லை.

“தாயி, இது எத்தனை பவுன் தேறும்?” என்று அவள் வினவுகின்றாள்.

“இதில் பொன்னே இல்லை, ஆச்சி. வெள்ளியும் நூலுந்தான். உங்கள் காலத்துப் பாம்படத்தைப் பார்த்துச் செய்தேன். கையில் எடுத்துப் பாருங்கள்” என்கின்றாள் மாணவி.

மூதாட்டி அதனை வாங்கித் திருப்பித் திருப்பி நோக்குகின்றாள். “சதுரம் சரியாக வந்திருக்கிறது, உருண்டைதான் கொஞ்சம் பெரிது. ஆடும்போது கன்னத்தில் இடிக்கும்” என்கின்றாள். பின்பு குரல் தாழ்ந்து, “மழை இல்லாத வருசம் என் பாம்படத்தை விற்றுத்தான் விதை வாங்கினோம்” என்கின்றாள்.

மாணவி தன் ஏட்டைத் திறந்து, அப்பாம்படத்தைச் செய்த ஆசாரியின் பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொள்கின்றாள்; உருண்டையின் அளவையும் குறித்துக்கொள்கின்றாள். அப்பொழுதே அக்கண்காட்சி நிறைவு பெறுகின்றது. காட்ட வந்தவள் கற்றுக்கொண்டாள். காண வந்தவள் கற்பித்தாள். விலை எடையில் மட்டும் இல்லை என்பதை ஒருத்தி சொன்னாள். எடைக்குப் பின்னே ஒரு குடும்பத்தின் பசி இருந்தது என்பதை மற்றொருத்தி சொன்னாள். இரண்டும் உண்மையே.

நகையைச் செய்தல் அரிது. அதனைப் பிறர் உணருமாறு அவையில் வைத்தல் அதனினும் அரிது. கண்ணாடிப் பேழை நகையைக் காக்கும். அதன் பொருளைக் காப்பது உரையாடலே. உருக்கிய பாம்படம் மீண்டு வாராது. ஆயினும், அதனை அணிந்த காதுகள் சில இன்னும் கரிசற் காட்டில் இருக்கின்றன. அவை இருக்கும்போதே இளைய தலைமுறை சென்று வினவுமாயின், செய்தவர் பெயர் ஏட்டில் ஏறும். பழைய வடிவம் புதிய கைகளில் உயிர் பெறும்.

பயிற்சி

1. “இது எத்தனை பவுன்?” என்னும் வினா கரிசல் நிலத்தில் எழுவதற்குக் காரணம் யாது?
2. பாம்படத்தையும் ஓட்டோ கூன்ஸ்லியின் வளையலையும் ஒப்பிட்டு எழுதுக.
3. சோழமண்டலம் கலைஞர் கிராமத்திற்கு உரிய நிலம் எவ்வாறு வாங்கப்பட்டது?
4. உங்கள் இல்லத்திலோ ஊரிலோ உள்ள முதியோர் ஒருவரை அணுகி, அவர் அணிந்த பழைய அணி ஒன்றின் பெயர், வடிவம், செய்தவர், அதன் கதை ஆகியவற்றைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.