70 வளைவுகளும் சைவ ஆகாரமும்

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மிதிவண்டியில் ஏறிக் கடக்க வேண்டுமானால் மாமிசம் இன்றியமையாதது என்ற அபிப்பிராயம் சிநேகிதர் பலரிடம் உண்டு. சைவ உணவினரான மர்ரே ரோஸ் 1956-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நீச்சலில் 3 தங்கப் பதக்கங்கள் வென்றதை அவர்களுக்கு நினைவூட்டுவேன்; ஆயினும், காய்கறிச் சோற்றை வயிறு நிறைய உண்டுவிட்டால் போதுமென்று கருதுவோருடனும் எனக்கு உடன்பாடில்லை. வேளையும் சேர்மானமும் அறிந்து உண்பவருக்கே சைவ ஆகாரம் மலையேறும் சக்தியைத் தரும் என்பது என் அனுபவம்.

முதலாவது, நார்ச்சத்து மிகுந்த சாமைப் பொங்கலும் கேழ்வரகுக் களியும் சீரணமாக நேரம் பிடிக்குமாதலால், அவற்றை முந்திய இரவே உண்டுவிட்டு, விடியலில் இரண்டு இட்லியுடன் புறப்படுவது உத்தமம். ஏறும்போது, வியர்வை கைப்பிடியில் சொட்டத் தொடங்குமுன்பே, ஒரு வளைவின் ஓரத்தில் நின்று வாழைப்பழம் ஒன்றைத் தின்று, உப்பிட்ட எலுமிச்சைச் சாற்றைப் பருகிவிட வேண்டும். பசி வந்தபின் உண்பதனால் அந்த ஏற்றத்துக்குப் பிரயோசனம் சொற்பமே.

இரண்டாவது, 60 கிலோ எடையுள்ள ஒருவர் கடும் பயிற்சி செய்வாரானால் நாளொன்றுக்குச் சுமார் 72 கிராம் புரதமாவது தேவை. தானியப் புரதத்தில் குறைவாயுள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பு வகைகளில் நிறைந்திருப்பதால், சாமைச் சோற்றோடு கொள்ளுத் துவையலும் தயிரும் சேர்வது சுவைக்காக மட்டுமன்று. 100 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு. மலைச்சந்தையில் விற்கும், பழுப்பு ரோமம் போர்த்த முடவாட்டுக்கால் கிழங்கைத் தோல் சீவி, மிளகு சீரகத்துடன் இடித்துக் காய்ச்சிய சூப்பு, களைத்த சரீரத்துக்கு வெதுவெதுப்பும் உப்பும் நீரும் தந்து இதமளிக்கும். அதைப் பருப்புக்குப் பிரதியாகக் கொள்ளலாகாது.

மூன்றாவது, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்க எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணைசெய்யும். உணவோடு அருந்தும் காப்பி, இம்மலையிலேயே விளைந்ததாயினும், அதற்குத் தடையே. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னரே அருந்துக.

இறுதியாக, பி12 உயிர்ச்சத்தைத் தாவர உணவை நம்பிப் பெற இயலாது. பால், தயிர் உண்போர் இரத்தப் பரிசோதனை செய்து அளவை அறிந்துகொள்ளட்டும். அவற்றையும் விலக்கியோர் வைத்தியரின் ஆலோசனைப்படி மாத்திரை உட்கொள்வது நலம்.