கைப்பிடியின் பலமும் முதியோரின் போஷாக்கும்



நாம் வியாபாரிகள். தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தே பழகிய கண்கள் நம்முடையவை. ஆயினும் எடையை மட்டும் நம்பிச் சரக்கு வாங்குபவன் நெடுநாள் கடை நடத்தமாட்டான் என்பதும் நாம் அறிந்ததே. ஈரம் ஏறிய அரிசி மூட்டை நிறுவையில் குறைவதில்லை. அவிழ்த்து, கையை விட்டு அள்ளிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியவரும். மனித சரீரத்திற்கும் இது பொருந்தும். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் முதியவருக்குக் கால்களில் நீர் கோத்திருந்தால், தசை கரைந்துகொண்டே போனாலும் எடை குறையாதது போலவே காட்டும். ஆகையால் எடையோடு கைப்பிடியின் பலத்தையும் அளந்து பார்க்கும் முறை வைத்திய உலகில் பரவி வருகிறது. அதைப் பற்றியே இப்பாடம்.

போஷாக்குக் குறைவு என்பது யாது?

இது ஏழை வீட்டு நோய் என்று பலர் எண்ணுகின்றனர். அப்படியன்று. வசதியுள்ள வீட்டுப் பெரியவருக்கும், பருத்த சரீரம் உள்ளவருக்கும் இது வரும். நோயினால் பசி அடங்கிவிடும். மருந்தினால் வாய் கசக்கும். பல் இல்லாமையால் மெல்ல முடியாது. அதே வேளையில் காய்ச்சலோடு போராடவும், அறுவை செய்த புண் ஆறவும் சரீரத்திற்குப் புரதச் சத்து அதிகம் வேண்டும். உண்ணும் ஆகாரத்தில் அது கிடைக்காவிடில், சரீரம் தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். வரவு நின்ற கடை முதலைத் தின்று நாளைக் கடத்துவது போன்றதே இது.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் 818 நோயாளிகளை ஆராய்ந்து 2012-ம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், அவர்களில் 29 சதவிகிதத்தினர் போஷாக்குக் குறைந்தவர்களாகக் காணப்பட்டனர். ஏறக்குறைய பத்துப் பேரில் மூவர். அவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் படுக்கையில் இருந்தனர்; மூன்றாண்டுகளுக்குள் இறந்தவர்களும் அவர்களிலேயே அதிகம்.

படுக்கையும் தன் பங்கிற்குக் கெடுதி செய்கிறது. நோயற்ற முதியோரை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து, 2007-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வொன்றில், கால்களின் தசையில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்திருந்தது. நோயும் பசியின்மையும் சேர்ந்துகொண்டால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கைப்பிடி எதைக் காட்டுகிறது?

ஆகாரம் குறையும்போது தசையின் பருமன் குறைவதற்கு முன்பே அதன் பலம் குறையத் தொடங்குகிறது. நல்ல ஆகாரம் கிடைத்தாலும் பலமே முதலில் திரும்புகிறது. பருமன் பின்னால் வருகிறது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத நஷ்டத்தையும் லாபத்தையும் முன்கூட்டியே சொல்லும் அடையாளமாகக் கைப்பிடி விளங்குகிறது.

மலேசியா உட்பட 17 நாடுகளில் ஏறக்குறைய 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து, சில ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வந்த ஆய்வொன்று 2015-ல் வெளியாயிற்று. கைப்பிடியின் பலம் 5 கிலோ குறைவாக இருப்பவர்களுக்கு மரண அபாயம் 16 சதவிகிதம் அதிகமாக இருந்ததென்று அது காட்டியது.

அளப்பது எப்படி?

இதற்குக் கைப்பிடிமானி என்னும் சிறு கருவி உண்டு. ஜமார் என்ற வகை பல ஆஸ்பத்திரிகளில் வழங்குகிறது. நோயாளியை உட்கார வைத்து, முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் செய்து, கருவியின் பிடியை இயன்ற மட்டும் இறுக்கி அழுத்தச் சொல்வார்கள். முள் கிலோ கணக்கைக் காட்டும். சற்று ஓய்வு கொடுத்து மீண்டும் அளந்து, கிடைத்ததில் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஊசி இல்லை, இரத்தம் இல்லை.

ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-ல் வகுத்த அளவின்படி, முதியோரில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் அது பலவீனம். இங்கே ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். இவ்வெண்கள் தசையின் பலவீனத்தைக் காட்டுபவை. போஷாக்குக் குறைவு என்று தீர்ப்புச் சொல்பவை அல்ல. ஒரே மனிதரை, ஒரே கருவியில், ஒரே கையில், ஒரே நிலையில் சில நாள் இடைவிட்டு அளந்து பார்ப்பதே அதிகம் பயன்படும். கடைக்குக் கடை தராசு மாறினால் கணக்கு ஒத்துவருமா?

பிடி தளர்ந்தவரெல்லாம் போஷாக்குக் குறைந்தவரா?

இல்லை. மூட்டு வாதம், பக்கவாதம், நீரிழிவினால் வந்த நரம்புக் கோளாறு ஆகியவற்றாலும் பிடி தளரும். மனம் தெளிவில்லாத நோயாளிக்குச் சொன்னது விளங்காமலும் போகலாம். ஆகையால் 2012-ல் அமெரிக்கப் போஷாக்கு நிபுணர்கள் ஆறு அடையாளங்களை வகுத்தனர். ஆகாரம் போதாமை, எடை குறைதல், தசை குறைதல், தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு குறைதல், நீர் கோத்தல், கைப்பிடி தளர்தல் என்பன அவை. இவற்றுள் இரண்டேனும் காணப்பட்டாலே போஷாக்குக் குறைவு என்று கொள்ளலாம் என்றனர். ஒரு சாட்சியை மட்டும் வைத்து வழக்கு முடிவதில்லை அல்லவா?

வேறு சிலர், "அப்படியானால் ரப்பர் பந்தை அழுத்திப் பழகினால் போதுமே" என்பார்கள். தராசு முள்ளை விரலால் தள்ளிவிட்டால் மூட்டையில் அரிசி கூடிவிடாது. கை என்பது இங்கே அடையாளம் மட்டுமே; குறை இருப்பது சரீரம் முழுவதிலும்.

கண்டுபிடித்தால் பயன் உண்டா?

உண்டு. சுவிட்சர்லாந்தில் 8 ஆஸ்பத்திரிகளில், போஷாக்குக் குறையும் அபாயமுள்ள 2,088 நோயாளிகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டனர். ஒரு பிரிவாருக்கு வழக்கமான சாப்பாடு. மற்றவர்களுக்கு அவரவர் தேவையைக் கணக்கிட்டு ஆகாரம். 30 நாட்களுக்குள் முதற் பிரிவில் 100-க்கு 10 பேரும், இரண்டாம் பிரிவில் 7 பேரும் இறந்தனர். புது மருந்து எதுவுமின்றி ஆகாரத்தைக் கவனித்ததனால் மட்டும் கிடைத்த பலன் இது. அந்நோயாளிகளுள் கைப்பிடி மிகத் தளர்ந்தவர்களே இதனால் அதிக நன்மை அடைந்தனர் என்று பின்னர் வந்த ஆய்வு கூறிற்று.

நாம் செய்யவேண்டியவை

முதலாவது, பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே உண்மையான விவரம் சொல்லவேண்டும். எடை தெரியாவிட்டால் மோதிரம் கழன்று விழுவதையும், இடுப்பு வார் எத்தனை துளை உள்ளே போயிற்று என்பதையும் சொல்லலாம். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் தாமாகவே இளைத்திருந்தால் அது கவனிக்கவேண்டிய சங்கதி.

இரண்டாவது, தட்டைப் பார்க்கவேண்டும். "அத்தா, சாப்பிட்டீர்களா?" என்று கேட்டால், பிள்ளை கடையை விட்டு வந்து கவலைப்படக்கூடாதென்று, "சாப்பிட்டாச்சுப்பா" என்றே பதில் வரும். கால்வாசி உண்டாரா, பாதி உண்டாரா என்று குறித்துத் தாதியிடம் சொன்னால் அது வைத்தியருக்கு உதவும். பல் செட்டு வாயில் இருக்கிறதா, விழுங்கும்போது இருமல் வருகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

மூன்றாவது, "இவருக்குப் போஷாக்குச் சோதனை செய்தாயிற்றா? கைப்பிடி அளக்க முடியுமா? உணவியல் நிபுணர் பார்ப்பாரா?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பது நம் உரிமை. கேட்டால் எவரும் கோபிக்கமாட்டார்கள்.

நான்காவது, வெறுங்கஞ்சி மட்டும் போதாது. நோயுற்ற முதியவருக்கு நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டுமென்பது நிபுணர் கருத்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம்தான் உண்டு. எனவே கஞ்சியில் மீனோ கோழியோ பருப்போ சேரவேண்டும். ஆனால் சிறுநீரக நோயாளிக்கு இக்கணக்கு பொருந்தாது. பலநாள் உண்ணாதிருந்தவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. ஆகவே வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போகுமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கடையில் இருப்புக் குறைந்தால் அன்றே தெரிந்துகொள்கிறோம். நம்மை ஆளாக்கிய கைகளில் பலம் குறைவது நமக்குத் தெரியாமல் போகலாகாது. அடுத்த முறை பெரியவருக்கு ஸலாம் சொல்லிக் கைகொடுக்கும்போது அந்தப் பிடியைச் சற்றே கவனியுங்கள். முன்னைவிடத் தளர்ந்திருந்தால், வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடாமல், சென்ற வாரம் அவர் என்ன சாப்பிட்டார் என்று விசாரியுங்கள்.