பந்தயக் காரின் சில்லு ஒழுங்கு

கோயில் தேர் வீதி மூலையிலே திரும்பும் காட்சியைக் காணாதார் நம்மிடையே இலர். தேரின் சில்லுகள் அச்சோடு நேராகப் பொருத்தப்பட்டவை. தாமாகத் திசைமாறும் வகை அவற்றுக்கில்லை. முட்டுக்கட்டை கொடுத்து வடத்தை ஒருபுறமாக இழுத்துத் தேரைத் திருப்புங்கால், சில்லுகள் உருள்வதோடு நிலத்தைத் தேய்த்துப் பக்கவாட்டிலும் நகர்கின்றன. வீதியில் விழும் வடுவே அதற்குச் சான்று. உருளுந் திசை வேறு, செல்லுந் திசை வேறு என்றாகும்போது சில்லு தேய்ந்தே தீரும். கராஜ்களிலே ‘வீல் எலைன்மென்ற்’ என்று வழங்கும் சில்லு ஒழுங்கிற்கு இவ்வுண்மையே அடிப்படை. வேகக் களத்தில் ஓடும் ஸ்போர்ட்ஸ் காருக்கு அவ்வொழுங்கை எங்ஙனம் சமன்செய்வது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தையிலும், பாக்குநீரிணைக்கு அப்பால் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரத்திலும், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளங்களே பின்னர்ப் பந்தயக் களங்களாயின. நமது பலாலி ஓடுதளமும் அப்போர்க்காலத்ததே. பின்னர், 1990 ஆம் ஆண்டில், ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிற் பந்தயத்திற்கென்றே ஒரு களம் திறக்கப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005 ஆம் ஆண்டு ஜோர்டான் அணியிலே சேர்ந்து, போர்முலா வன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் என்னும் பெயரைப் பெற்றார்.

இத்தகைய களத்திற்கும் நமது வீதிக்கும் வேற்றுமை பெரிது. மழைநீர் வடிவதற்காக வீதியின் நடு உயர்ந்தும் ஓரங்கள் தாழ்ந்தும் இருக்கும். நாம் இடப்பக்கமாகச் செல்வதால் கார் இடப்புறம் ஒதுங்க முற்படும். வீதிக் காரின் ஒழுங்கு இதனையும், குன்று குழிகளையும், ரயரின் நீண்ட ஆயுளையும் கருதி அமைவது. களத்திலோ வளைவில் விரைவாகவும் அச்சமின்றியும் செல்வதே முதற்கருத்து. காரின் பாரத்தையும், பிறேக்கின் வலிமையையும், வளைவின் இழுப்பையும் நிலத்தோடு இணைப்பவை நான்கு ரயர்களும் நிலத்தைத் தொடும் இடங்களே. அவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவினவே. வேண்டிய வேளையில் அவ்வுள்ளங்கைகளை நிலத்தில் நன்கு படியச் செய்வதே சில்லு ஒழுங்கின் நோக்கமாகும்.

இவ்வொழுங்கில் மூன்று கோணங்கள் முதன்மையானவை. முதலாவது கம்பர், காரை முன்னின்று நோக்கும்போது தோன்றும் சில்லின் சாய்வு. மேற்பகுதி உட்புறம் சாய்ந்தால் அது மறைக் கம்பர். வெளிப்புறம் சாய்ந்தால் நேர்க் கம்பர். வளைவிலே காரின் உடல் வெளிப்புறம் சரிவதால் வெளிச்சில்லும் வெளிநோக்கிச் சாய, ரயரின் வெளிவிளிம்பே சுமையைத் தாங்க நேரிடும். ஆகவே முன்கூட்டியே சில்லை உட்புறம் சாய்த்து வைப்பர். வீதிக் கார்களிற் பெரும்பாலும் ஒரு பாகைக்கு உட்பட்டிருக்கும் இச்சாய்வு, களத்துக் கார்களில் 2 முதல் 4 பாகை வரை செல்வதுண்டு. ஆனால் நேர்பாதையில் இதே சாய்வு குறையாக மாறும். 200 மில்லிமீற்றர் அகலமுள்ள ரயர் 3 பாகை சாயுமாயின், அதன் ஒரு விளிம்பு மற்றதினும் 10 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக உயரும். ரயரின் நெகிழ்ச்சி இதனை ஓரளவே ஈடுசெய்யும். எனவே பிறேக் பிடிக்கையில் உள்விளிம்பே பெருஞ்சுமையை ஏற்றுச் சூடேறும்.

இரண்டாவது, கால்விரல் என்னும் பொருளுடைய ‘ரோ’. மேலிருந்து நோக்கும்போது, ஓர் அச்சின் இரு சில்லுகளும் முன்னே ஒன்றையொன்று நெருங்கினால் அது குவிவு, விலகினால் விரிவு. முன்சில்லுகளிற் சிறிது விரிவு இருந்தால் கார் வளைவினுள் விரைந்து நுழையும். ஆயினும் நேர்பாதையில் அலையும். பின்சில்லுகளின் குவிவு காரை நிலைபெறச் செய்யும். பின்சில்லுகளின் விரிவோ காரைச் சுழல வைக்கும் அபாயமுடையது. அளவு சிறிதெனினும் விளைவு சிறிதன்று. 0.1 பாகையின் சைன் மதிப்பு 0.001745. எனவே அவ்வளவு திரும்பிய சில்லு ஒரு கிலோமீற்றர் ஓடுகையில், ஏறத்தாழ 1.7 மீற்றர் பக்கமாகச் செல்ல முயன்று, முடியாமல் இழுபடும். தேர்ச்சில்லின் தேய்வு இங்கே ஓயாது நிகழ்கின்றது.

மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன்கவர் செங்குத்தாக நில்லாது பின்னோக்கிச் சாய்ந்திருப்பதை அறிவோம். காரின் முன்சில்லு திரும்பும் அச்சுக்கும் அத்தகைய சாய்வு உண்டு. அது கைவிட்டபின் சில்லை நேர்நிலைக்கு மீளச் செய்கின்றது. திருப்பும்போது வெளிச்சில்லுக்கு மேலும் மறைக் கம்பரை அளிக்கின்றது. நேர்பாதையிற் கெடுதி செய்யாமல் வளைவில் மட்டும் கம்பர் கிடைப்பது பெருநன்மை. அதற்கு விலையாக ஸ்ரியறிங் கனக்கும்.

இம்மூன்றிலும் ஒரு நன்மையைப் பெற மற்றொன்றைச் சிறிது இழக்க வேண்டியிருப்பதைக் காண்கின்றோம். 2011 ஆம் ஆண்டு பெல்ஜியப் பந்தயத்தின் தகுதிச் சுற்றில், ரெட் புல் அணிக் கார்களின் முன்ரயர்களிற் கொப்புளங்கள் எழுந்தன. ரயர் செய்த பிரெல்லி நிறுவனம் விதந்துரைத்த கம்பர் அளவை அவ்வணி மீறியிருந்தது. வெட்டல் அப்பந்தயத்தில் வென்றாராயினும், ரயர் தாங்குமா என்னும் கவலையோடே அணி ஓட நேர்ந்தது. 2020 இல் மெர்சிடிஸ் அணி, ஸ்ரியறிங் வளையத்தை முன்பின்னாக அசைத்து ஓட்டத்தின் நடுவே முன்சில்லுகளின் ரோவை மாற்றும் பொறியைப் பயன்படுத்தியது. நேர்பாதைக்கு ஓர் அளவு, வளைவுக்கு ஓர் அளவு என்பதே அதன் பயன். 2021 முதல் அது தடைசெய்யப்பட்டது. ஆகவே ஓரளவைத் தெரிந்து அதனுடன் களம் முழுவதும் ஓடுவதே எஞ்சியோர்க்கெல்லாம் வழி.

அவ்வளவைத் தெரிவது எவ்வாறு? முதலிற் சில்லின் தாங்கிகளிலும் மூட்டுகளிலும் ஆட்டம் இல்லையென உறுதிசெய்க. ஆட்டமுள்ள காரில் எந்த அளவும் நிலையாது. பின்னர்ச் சமதரையில், சாரதியின் நிறைக்கு ஈடான பாரத்தை ஆசனத்தில் வைத்து, ரயர் அமுக்கத்தையும் காரின் உயரத்தையும் சரிசெய்க. அடுத்துக் காஸ்டர், அதன்பின் கம்பர், ஈற்றில் ரோ என்பதே முறை. கம்பரை மாற்றினால் ரோவும் மாறிவிடுமாதலின்.

சில சுற்றுகள் விரைந்து ஓடி வந்தவுடன், ஒவ்வொரு ரயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பநிலையை ஊசிமுனை வெப்பமானியால் அளக்க வேண்டும். நடுப்பகுதி மிகச் சூடாயின் அமுக்கம் கூடுதல். விளிம்புகள் இரண்டும் சூடாயின் அமுக்கம் குறைவு. வெளிவிளிம்பு மிகச் சூடாயின் மறைக் கம்பர் போதாது. உள்விளிம்பு சிறிது கூடுதலாகச் சூடேறுவது இயல்பு. வேற்றுமை மிகுந்தால் கம்பரைக் குறைக்க வேண்டும். வலஞ்சுழியாக ஓடும் களத்தில் வலப்புற வளைவுகளே மிகுவதால் இடப்பக்க ரயர்கள் கூடுதலாக உழைக்கும் என்பதையும் நினைவிற் கொள்க.

வெப்பமானி கூறாததைச் சாரதி கூறுவார். முன்பக்கம் முதலில் வழுக்கினால் கார் வளைவை விட்டு நேரே வெளிச்செல்ல முற்படும். பின்பக்கம் முதலில் வழுக்கினால் சுழல முற்படும். அது வளைவின் நுழைவிலா, நடுவிலா, வெளியேற்றத்திலா எனப் பிரித்துக் கேட்டல் வேண்டும். நுழைவிலே முன்சில்லின் ரோவும், நடுவிலே கம்பரும், வெளியேற்றத்திலே பின்சில்லின் ரோவும் பெரிதும் செயற்படும். முன்பிடிப்பை மட்டும் கூட்டிக்கொண்டே செல்பவர், ஒருநாள் பின்பக்கத்தின் பிடிப்பு அதற்கு ஈடாகாமையை அதிவேகத்திற் காண நேரிடும். முன்னும் பின்னும் ஒத்து நிற்பதே சமநிலை. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றிய அளவையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுதுக. பயன் இல்லையேல் பழைய அளவுக்கே மீள்க. இரண்டை ஒருங்கே மாற்றியவர், எதனால் எது விளைந்தது என்று அறியார். விஞ்ஞான ஆய்வுகூடத்தில் நம் மாணவர் பயிலும் ஒழுக்கமும் இதுவே.

இறுதியாக ஒன்று. முன்சில்லு விரிவும் மிகு கம்பரும் உள்ள கார், மழை பெய்த வீதியில், ஓரம் தாழ்ந்த தார்ப்பரப்பில், எதிரே சைக்கிளில் வரும் மாணவனுக்கு முன்னால் அலையலாகாது. களத்தின் அளவுகளும் வீதியின் அளவுகளும் அக்குறிப்பேட்டில் அருகருகே இருக்கட்டும். கார் பொதுவீதியில் இறங்குமுன் வீதியின் அளவுகளுக்கு அதனை மீட்டு வைப்பது உரிமையாளரின் கடன்.