இலைக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள்

கேள்வி: தொட்டியில் வளர்க்கும் பெரணியின் இலைகளுக்கு அடியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வந்திருக்கின்றன. மருந்து அடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அது நோயல்ல, வம்சம். ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய பைகளின் கூட்டம். உள்ளே தூசி போன்ற ஸ்போர்கள். பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. ஈரமண்ணில் விழும் ஸ்போர் நேராகப் பெரணியாகிவிடுவதும் இல்லை. முதலில் சுண்டுவிரல் நகத்தளவே உள்ள இதய வடிவப் பச்சைத் தகடாக முளைக்கிறது. அதன் அடிப்புறத்தில் விந்தணுவும் முட்டையும் உருவாகின்றன. விந்தணு நீரில் நீந்தித்தான் முட்டையை அடைய முடியும். பெரணிகள் ஈரத்தை நாடுவது அதனால்தான். அந்தக் கருவிலிருந்து எழுவதே நாம் காணும் செடி. மாறி மாறி வரும் இந்த இரு தலைமுறைகளை 1851இல் விளக்கிய ஜெர்மானியர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டரை, மெண்டலுக்கு அருகில் வைத்துப் போற்றலாம் என்பேன்.

விதையில்லாததைப் பலவீனமாக எண்ணாதீர்கள். சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவின் சதுப்புக் காடுகளில் விதையற்ற லெப்பிடோடென்ட்ரான் மரங்கள் 30 மீட்டருக்கும் மேல் வளர்ந்தன. பிரிட்டனின் நிலக்கரியில் பெரும்பங்கு அத்தகைய காடுகளின் மிச்சம். (நம் ஜாரியா நிலக்கரி வேறு, அதற்குக் குளோசாப்டெரிஸ் என்ற விதைத் தாவரமே முக்கிய மூலம்.)

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புள்ளிகள் தாறுமாறாக, காம்பிலும் ஒட்டியிருந்தால் செதில் பூச்சியாக இருக்கலாம். அப்போதும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்த பிறகே மருந்தை யோசியுங்கள்.