மேவன் திட்டத்தில் வேண்டாத மறைமுகச் சார்புகளைக் களையும் முறை

ஜாவா மொழியில் எழுதப்படும் ஒரு திட்டம் தனக்கு வேண்டிய நூலகங்களைப் பாம் கோப்பில் அறிவித்தால், மேவன் என்னும் பில்டு கருவி அவற்றோடு, அவை இயங்கத் தேவைப்படும் பிற நூலகங்களையும் சேர்த்தே இறக்கித் தருகிறது. கோப்பில் அறிவிக்கப்பட்டது நேரடிச் சார்பு. அதன்வழி கேளாமலே வந்து சேர்வது மறைமுகச் சார்பு. இவற்றுள் பெரும்பாலானவை தேவையானவையே. ஒரே வேலையைச் செய்யும் இரண்டாவது நூலகம், பாதுகாப்புக் குறையுள்ள பழைய பதிப்பு, எவரும் அழைக்காத வெறுஞ்சுமை ஆகிய மூன்றே களையத்தக்கவை. 2021 டிசம்பரில் லாக்4ஜே-கோர் நூலகத்தின் ‘லாக்4ஷெல்’ குறை வெளியானபோது, அதன் பெயரைத் தம் பாம் கோப்பில் எழுதியே இராத திட்டங்களும் அதைத் தேடி அலைய நேர்ந்தது மறைமுகச் சார்பினால்தான்.

1. வந்த வழியைக் காணுதல்

‘டிபென்டென்சி ட்ரீ’ கட்டளை சார்புகளை மரவடிவில் காட்டும். அதன் வடிகட்டியில் ஐயத்துக்குரிய நூலகத்தை மட்டும் குறிப்பிட்டால் போதும். ஆயினும், ஒரே நூலகம் பல வழிகளில் வரும்போது வென்ற வழியை மட்டுமே அது காட்டுவதால், ‘வெர்போஸ்’ விருப்பத்தையும் சேர்ப்பது கட்டாயம். அதற்கு டிபென்டென்சி செருகியின் 3.2.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

2. சொந்த நிரல் அதைத் தொடுகிறதா எனச் சோதித்தல்

‘டிபென்டென்சி அனலைஸ்’ கட்டளை, அறிவிக்காமலே பயன்படுத்தப்படும் நூலகங்களைப் பட்டியலிடும். அப்பட்டியலில் உள்ளதை நேரடிச் சார்பாக அறிவித்துவிட வேண்டும். அறிவித்தும் பயன்படாதவை என அது தரும் மறுபட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாகாது. தொகுக்கப்பட்ட நிரலை மட்டுமே அது ஆராய்வதால், இயக்கநேரத்தில் பெயரைக் கொண்டு ஏற்றப்படும் தரவுதள டிரைவர் போன்றவை அதன் கண்ணில் படுவதில்லை.

3. பதிப்பை மாற்றினால் போதுமா என முடிவுசெய்தல்

சிக்கல் பதிப்பில் மட்டும் இருக்குமாயின் நூலகத்தையே விலக்க வேண்டியதில்லை. ஒரு நூலகத்தின் இரு பதிப்புகள் மோதினால், மேவன் புதியதைத் தேர்வதில்லை. மரத்தில் வேருக்கு மிக அருகில் இருப்பதையும், தொலைவு சமமாயின் பாம் கோப்பில் முன்னதாக வரும் வழியிலிருப்பதையும் தேர்கிறது. ஆகவே, மூன்றாம் நிலையில் உள்ள 2.0 பதிப்பை இரண்டாம் நிலையில் உள்ள 1.0 வீழ்த்திவிடும். சிக்கலுள்ள பதிப்பைக் கொண்டுவந்த நேரடிச் சார்பின் பதிப்பை உயர்த்திப் பார்ப்பதே முதல் முயற்சி. அது இயலாதபோது ‘டிபென்டென்சி மேனேஜ்மென்ட்’ பகுதியில் வேண்டிய பதிப்பை ஒருமுறை எழுதினால், எல்லா வழிகளுக்கும் அதுவே செல்லும். லாக்4ஷெல்லுக்குப் பின் 2.15.0 தொடங்கி 2.17.1 வரை அடுத்தடுத்துத் திருத்தங்கள் வெளிவந்தபோது, பதிப்பை இவ்வாறு ஒரே இடத்தில் வைத்திருந்த திட்டங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வரியை மாற்றுவதே வேலையாயிற்று.

4. விலக்குதல்

பலரும் இடறும் படி இதுவே. விலக்கு ஒரு நேரடிச் சார்பின் அடியில் எழுதப்படுவதால், அதன் கிளையில் மட்டுமே செல்லுபடியாகிறது. பிற கிளைகளை அது தீண்டுவதில்லை. காமன்ஸ்-லாகிங் என்னும் பதிவு நூலகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஸ்பிரிங் 4 வரிசையின் ஸ்பிரிங்-கோர் அதைக் கொண்டுவருகிறது. அப்பாச்சி எச்டிடிபி-கிளையன்ட் 4 வரிசையும் கொண்டுவருகிறது. முன்னதில் விலக்கி, பின்னதை மறந்தால், நூலகம் இருந்த இடத்திலேயே இருக்கும். எனவே ஒவ்வொரு விலக்குக்குப் பின்னும் மரத்தை மீண்டும் வரைந்து பார்க்க வேண்டும்.

நூலகத்தை முழுமையாக விலக்கியபின் எழுவது இதனினும் பெரிய இடர். சொந்த நிரல் அதை அழைக்காததால் தொகுப்பு எவ்விதப் பிழையுமின்றி முடிகிறது. ஆனால் ஜாவா ஒரு கிளாஸை முதன்முதல் தேவைப்படும்போதே ஏற்றுவதால், ஸ்பிரிங் தன் பதிவேட்டுக்குக் காமன்ஸ்-லாகிங்கின் ‘லாக்ஃபாக்டரி’ கிளாஸைத் தேடும் நொடியில் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்’ பிழை எழுகிறது. தொடக்கத்திலேயே விழுந்தால் நல்லது. அரிதாக நடக்கும் வழியில் ஒளிந்திருப்பின் பயனர் முன்னிலையில்தான் வெளிப்படும். ஆகவே விலக்கிய இடத்தில், அதே பெயருள்ள கிளாஸ்களைக் கொண்டு அழைப்புகளை எஸ்எல்எஃப்4ஜே என்னும் பதிவு இடைமுகத்தின் பக்கம் திருப்பும் ‘ஜேசிஎல்-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே’ பாலத்தைச் சேர்த்தாக வேண்டும். மாற்று வைக்காமல் விலக்குவது, அக்கிளை ஒருபோதும் இயங்காது என்று சோதனைகள் காட்டிய பின்னரே தகும். எதிரெதிர்ப் பாலங்களை ஒருங்கே சேர்ப்பதும் பிழை: ‘லாக்4ஜே-ஓவர்-எஸ்எல்எஃப்4ஜே’, ‘எஸ்எல்எஃப்4ஜே-லாக்4ஜே12’ ஆகிய இரண்டும் சேர்ந்தால், அழைப்பு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முடிவின்றிச் சுழலும்.

குறுக்குவழிகள் இரண்டு வழக்கில் உள்ளன. மேவன் 3.2.1 முதல் நட்சத்திரக் குறியிட்டு ஒரு சார்பின் அனைத்துக் கிளைகளையும் விலக்கலாம். எது போயிற்று என்பதே தெரியாமல் போகுமாதலால் இதைத் தவிர்ப்பதே முறை. வேண்டாததையே ‘புரொவைடட்’ என்னும் வகையில் நேரடியாக அறிவித்து, வேருக்கு அருகிலிருப்பது வெல்லும் விதியால் இறுதிப் பொதியிலிருந்து அகற்றுவது மற்றொன்று. இது எல்லா வழிகளையும் ஒரேயடியாக அடைக்குமாயினும், சோதனையின்போது அந்நூலகம் உடனிருப்பதால் மாற்று இல்லாத குறை மறைந்துவிடுகிறது. அன்றியும் இந்த அறிவிப்பு அடுத்த திட்டத்துக்குக் கடவாது. ஆதலின் இறுதிச் செயலியில் பொறுக்கலாம். பிறர் பயன்படுத்தும் நூலகத்தில் கூடாது.

5. வாயிலைக் காத்தல்

‘என்ஃபோர்சர்’ செருகியின் ‘பேண்டு டிபென்டென்சிஸ்’ விதியில் நீக்கிய நூலகத்தின் பெயரை எழுதிவைத்தால், நாளை சேர்க்கப்படும் எந்தச் சார்பின் வழியாக அது நுழைந்தாலும் பில்டு அங்கேயே நின்றுவிடும். விலக்கு மட்டும் எழுதி இவ்விதியை எழுதாமல் விடுவது பாதி வேலை.

6. பழைய விலக்குகளைத் துடைத்தல்

ஒவ்வொரு விலக்கின் மேலும் காரணத்தை ஒரு வரிக் குறிப்பாக எழுத வேண்டும். ஸ்பிரிங் 5 வரிசை காமன்ஸ்-லாகிங்கைக் கைவிட்டு, ‘ஸ்பிரிங்-ஜேசிஎல்’ என்னும் தன் சொந்த நூலகத்துக்கு மாறியதால், ஸ்பிரிங்-கோரின் அடியிலிருந்த பழைய விலக்கு பொருளற்றதாயிற்று. அத்தகைய விலக்கைப் பற்றி மேவன் எச்சரிப்பதில்லை. பதிப்பு உயரும்போதெல்லாம் விலக்கை அழித்து பில்டை ஓட்டிப் பார்ப்பதே எளிய வழி. வேண்டாதது திரும்பி வருமாயின் ஐந்தாம் படியின் விதி தடுத்துவிடும் என்பதால், அழிக்க அஞ்ச வேண்டியதில்லை.